நாரை எடுப்பதும் நாரையைப் பார்ப்பதும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பொங்கல் கழிந்த இரண்டாம் நாள், புறவாசல் திண்ணையில் பழைய செய்தித்தாளை விரித்துப் போட்டு, அவித்த பனங்கிழங்கை உரித்துக்கொண்டிருந்தேன். பொங்கலுக்காகப் பெங்களூரிலிருந்து வந்திருந்த ஒன்பது வயதுப் பேரன் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் ஏதோ ஒரு மாயாஜாலத் தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தான். விரித்திருந்த தாளில் ஒரு பறவையின் வண்ணப்படம் இருந்தது. சற்று முன்புதான் அதைக் காட்டி, அது நாரை என்று அவனுக்குச் சொல்லியிருந்தேன். பிறகு ஒரு கிழங்கை இரண்டாகப் பிளந்து அவன் கையில் கொடுத்து, "நாரை எடுத்துவிட்டுச் சாப்பிடு" என்றேன். அவன் கிழங்கை ஒரு கையில் பிடித்தபடியே மறு கையால் அந்தத் தாளைத் தூக்கி, "இதையா எடுக்கணும் ஆச்சி?" என்று கேட்டான்.

வீட்டில் எல்லாரும் சிரித்தோம். இரண்டு நாள் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். ஆனால் தோலைத் தள்ளிவிட்டு அந்தத் தாளை நான் மீண்டும் பார்த்தபோது எனக்கு வேறொன்று பட்டது. அதை எழுதவே இந்தக் கடிதம்.

அது தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பு. ஒரு பக்கத்தில் நீர்நிலைப் பறவைகளைப் பற்றிய கட்டுரை, மிகுந்த கவலையோடு எழுதப்பட்டிருந்தது. அடுத்த பக்கத்தில், வரவிருக்கும் ஒரு மாயாஜாலத் தொடரைப் பற்றிய முன்னோட்டம். நெருப்புக் கக்கும் பறக்கும் நாகம் ஒன்று அரைப்பக்கத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அதற்கடுத்த சமையல் பக்கத்தில் பாலக் கட்லெட், அவகாடோ சப்பாத்தி, வஞ்சிரம் வறுவல். தாள் ஒன்று, மையும் ஒன்று. ஆனால் ஒரு பக்கம் மற்றப் பக்கத்தோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஒரே கூரைக்குக் கீழ் மூன்று குடித்தனம் இருந்து, ஒருவர் வீட்டில் என்ன நடக்கிறது என்று அடுத்தவருக்குத் தெரியாமல் காலம் தள்ளுவதைப் போல இருக்கிறது. இந்த மூன்றையும் நீங்கள் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். சேர்த்துப் பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதை, எனக்குத் தெரிந்த சில காரியங்களைக் கொண்டே சொல்கிறேன்.

முதலில் மாயாஜாலம். சில வாரங்களுக்கு முன் இதே கடிதப் பகுதியில் ஒரு வாசகர், பறக்கும் பாம்பும் பேசும் மிருகமும் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கின்றன என்றும், அவற்றுக்குப் பதிலாக அறிவியல் நிகழ்ச்சிகளைக் காட்ட வேண்டும் என்றும் எழுதியிருந்தார். அவருடைய அக்கறையை மதிக்கிறேன். கருத்தை ஏற்க முடியவில்லை. சிங்கத்தின் உடலும் யானையின் துதிக்கையுமாக யாளியைக் கல்லில் செதுக்கி, அதன் வாய்க்குள் உருளும் கல் பந்தையும் வைத்துக் கோயில் தூணாக நிறுத்தியவர்கள் நம் முன்னோர்கள். அந்தப் பந்தை விரல் விட்டு உருட்டிப் பார்க்காத பிள்ளை எங்கள் பக்கத்தில் கிடையாது. அதனால் கெட்டுப்போனவர் என்று ஒருவரையும் நான் அறியேன். பால் வேறு நீர் வேறாகப் பிரிக்கும் அன்னம் நம் வீட்டுக் குத்துவிளக்கின் உச்சியில் உட்கார்ந்திருக்கிறது. கற்பனை விலங்கு நமக்கு அந்நியச் சரக்கு இல்லை.

பேரனோடு உட்கார்ந்து அந்தத் தொடரை நானும் சில நாள் பார்த்தேன். என் குறை வேறு. பறக்கும் நாகம் ஒரு காட்டையே எரிக்கிறது. அடுத்த காட்சியில் காடு பச்சைப்பசேல் என்று நிற்கிறது. அந்தக் காட்டில் ஒரு மரத்துக்கும் பெயர் கிடையாது. நாயகன் நாள் கணக்கில் நடக்கிறான், சண்டை போடுகிறான், ஆனால் அவனுக்கு யார் சமைத்துப் போடுகிறார்கள், அரிசி எந்த வயலிலிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரிவதில்லை. எத்தனையோ அத்தியாயங்கள் பார்த்தும் ஓர் அடுப்பு புகைந்து நான் பார்க்கவில்லை. நான் கேட்டு வளர்ந்த மாயக் கதைகளில் ராஜகுமாரன் புறப்படும்போதே கிழவி கட்டுச்சோறு கட்டிக் கொடுத்துவிடுவாள். அவன் வழியில் தண்ணீரில் தத்தளிக்கும் எறும்புகளைக் கரையேற்றுவான். பின்னொரு நாள் அரிசியும் எள்ளும் கலந்த குவியலை விடிவதற்குள் பிரித்து வைக்கச் சொல்லி அவனுக்குச் சோதனை வைக்கும்போது அந்த எறும்புகளே வந்து பிரித்துத் தரும். மாயமும் சோறும் சிற்றுயிரும் அந்தக் கதைகளில் ஒன்றோடொன்று பின்னிக்கிடந்தன.

அவை அப்படிப் பின்னிக்கிடந்ததற்குக் காரணம், அந்தக் கதைகள் சொல்லப்பட்ட இடம் என்று நினைக்கிறேன். எங்கள் ஆச்சி கதை சொன்னது அடுப்படியில்தான். பனங்கிழங்கு அவிய மணிக்கணக்கில் ஆகும். உளுந்தங்களிக்கு மாவைப் போட்டுவிட்டால், கருப்பட்டிப் பாகும் நல்லெண்ணெயும் விட்டு, கட்டி தட்டாமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். புளி குத்தி எடுப்பது, சிறுகிழங்கைச் சாக்கில் போட்டு உரசித் தோல் நீக்குவது, முருங்கைக்கீரை உருவுவது எல்லாமே கைக்கு வேலையும் வாய்க்கு ஓய்வும் தரும் காரியங்கள். அந்த ஓய்வில்தான் ஏழு கடலும் ஏழு மலையும் தாண்டப்பட்டன. இன்று எல்லாம் குக்கரில் வேகிறது. மூன்று விசிலுக்குள் ஓர் அரக்கனைக் கொன்று முடிக்க இயலாது. குக்கரை நான் குறை சொல்லவில்லை, அது வந்திராவிட்டால் நான் இந்தக் கடிதத்தை எழுதவும் நேரம் கிடைத்திருக்காது. ஆனால் அடுப்படியிலிருந்து கதை வெளியேறியதும், அது போய்ச் சேர்ந்த இடத்தில் சோறும் மண்ணும் இல்லாமல் போய்விட்டன என்பதைக் கவனிக்க வேண்டும்.

கிழங்கு உரித்த அன்றைக்கு மறுநாள் காலையில் பேரனைக் கூந்தன்குளத்துக்கு அழைத்துச் சென்றோம். பாளையங்கோட்டையிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். நாங்குநேரி வட்டத்தில் உள்ள அந்த ஊர் 1994-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் தமிழ்நாட்டின் பல நீர்நிலைகளோடு சேர்ந்து, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் அதன் பெயரும் வெளியானது. 2002-இல் கோடியக்கரை அந்தப் பட்டியலில் சேர்ந்த பிறகு இருபது ஆண்டுக் காலம் நமக்கு வேறு எந்த இடமும் அதில் இல்லை; இன்று இந்தியாவிலேயே மிகுதியாக 20 இடங்கள் தமிழ்நாட்டில் உள்ளன. இந்தச் செய்திகளையெல்லாம் தங்கள் கட்டுரை நன்றாகவே சொல்லியிருந்தது. நானும் அவற்றை வண்டியில் போகும்போது பேரனிடம் சொன்னேன். அவன் கொட்டாவி விட்டான்.

ஊருக்குள் நுழைந்ததும் அவன் எழுந்து உட்கார்ந்தான். வீட்டு வாசலில் நிற்கும் மரத்திலேயே ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்துக்கு நிற்கக்கூடிய மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு கட்டியிருந்தன. கீழே ஒரு பெண்மணி வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். மேலிருந்து எச்சம் விழுவதைப் பற்றி அவருக்கு ஒரு குறையும் இருப்பதாகத் தெரியவில்லை. நாரைகள் குரலெடுத்துக் கத்துவதில்லை, மேல் அலகையும் கீழ் அலகையும் தட்டித் தாளம்தான் போடுகின்றன. குளத்துக் கரையில் நின்றபோது, தூரத்தில் தலையில் இரண்டு கருங்கோடுகள் போட்ட வாத்துக் கூட்டம் ஒன்று தெரிந்தது. வரித்தலை வாத்து என்று அதைச் சொல்கிறார்கள். மங்கோலியாவிலும் திபெத்துப் பீடபூமியிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தில் இமயமலையைத் தாண்டி நம் நாட்டுக்கு வருகிறது. 7,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் அது பறப்பது பதிவாகியிருக்கிறது. அவ்வளவு உயரத்தில் மனிதன் மூச்சுவிடத் திணறுவான். அந்த வாத்து சிறகடித்துக்கொண்டு வருகிறது. நம் குத்துவிளக்கின் அன்னமே இதுதானோ என்று கருதுவோரும் உண்டு.

இதைச் சொன்னதும் பேரன் முதன்முதலாகக் கைப்பேசியை என் கையில் கொடுத்தான். "ஏழு மலை தாண்டி வருதா ஆச்சி?" என்று கேட்டான். எனக்கு அப்போதுதான் பழைய கதை கைகொடுத்தது. ஏழு கடல், ஏழு மலைக்கு அப்பால் ஒரு குளம், குளத்தின் நடுவில் ஒரு மரம், மரப்பொந்தில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் ஒரு வண்டு, அந்த வண்டுக்குள் அரக்கனின் உயிர் என்று நாமெல்லாம் கேட்டிருக்கிறோம். அரக்கன் எங்கோ நின்று கொக்கரிப்பான். வண்டின் காலை இங்கே பிய்த்தால் அங்கே அவனுக்குக் கால் விழும். இந்த ஊரும் அப்படித்தான் என்று அவனிடம் சொன்னேன். இந்த ஊரின் உயிர் அந்தக் குளத்துக்குள்ளும், குளத்தின் உயிர் அந்தப் பறவைகளுக்குள்ளும் இருக்கிறது; பறவையின் எச்சம் விழுந்து உரமேறிய தண்ணீரும் வண்டலும் வயலுக்குப் போகின்றன; வயலிலிருந்து நெல் வருகிறது; நெல்லைச் சோறாக்கித் தின்பவர்கள் பறவை கலைந்துவிடக் கூடாதே என்று தீபாவளிக்குக்கூட வெடி வைப்பதில்லை. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியிலும் இதே வழக்கம்தான். வேடந்தாங்கல் மக்கள் இதை இன்னும் முன்பே செய்துகாட்டினார்கள். பறவைகளைச் சுட வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களைப் பற்றிச் செங்கல்பட்டு கலெக்டரிடம் முறையிட்டு, 1798-இலேயே அந்த ஏரிப் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தாக வாங்கி வைத்துக்கொண்டார்கள். பறவை மேல் இருந்த பிரியம் மட்டுமா அதற்குக் காரணம்? ஏரித் தண்ணீரில் விளைந்த நெல்லின் ருசியை அறிந்தவர்கள் அவர்கள்.

ஆசிரியர் அவர்களே, தங்கள் கட்டுரையில் விடுபட்டது இந்த நெல்தான். பறவைகளின் எண்ணிக்கையும் இனங்களின் பட்டியலும் ஆக்கிரமிப்பைப் பற்றிய வருத்தமும் அதில் இருந்தன. அந்த ஊர்க்காரர்கள் மத்தியானம் என்ன சாப்பிடுகிறார்கள் என்பது இல்லை. குளத்துக் கரையில் உட்கார்ந்து தூக்குவாளியில் கொண்டுபோயிருந்த பனங்கிழங்கை எடுத்தோம். பேரன் ஒரு கிழங்கைத் தானே பிளந்து, நடுவிலிருந்த குருத்தையும் நாரையும் உருவி எறிந்துவிட்டு, பிளந்த இரண்டு பாதியையும் வாய்க்கு முன்னால் வைத்துத் தட்டித் தட்டி நாரை மாதிரி தாளம் போட்டான். மஞ்சள் போட்டு அவித்த கிழங்கு, நிறம்கூட ஏறக்குறைய அந்த அலகைப் போலவே இருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நாரையைத் தூது விட்ட பழைய புலவர் ஒருவர், அதன் அலகுக்கு உவமையாகச் சொன்னது பனங்கிழங்கின் பிளவைத்தான். தென்திசைக் குமரியில் நீராடி வடக்கே திரும்பும்போது எங்கள் ஊர்க் குளத்தில் தங்கிப் போ என்று அந்த நாரையிடம் அவர் கேட்டுக்கொள்கிறார். வலசை, குளம், கிழங்கு மூன்றும் ஒரே பாட்டுக்குள் அடங்கியிருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் அந்தப் பாட்டை மனப்பாடம் செய்த காலத்தில் எனக்கு அது உறைக்கவே இல்லை. இலக்கியம் படிக்காத ஒரு சிறுவன் கிழங்கை வைத்து விளையாடியபோது உறைத்தது. பனங்கிழங்கைப் பிளந்து பார்க்காத தலைமுறைக்கு அந்த உவமை வெறும் பொருளுரையாகத்தான் மிஞ்சும்.

இன்னோர் உயிரைப் பற்றியும் சொல்ல வேண்டும்; மாயமும் சமையலும் காப்பும் ஒன்றாக வந்து முட்டுகிற இடம் அது. கடற்பசுவை எங்கள் தென் கடலோர மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். உலகமெங்கும் மாலுமிகள் சொன்ன கடற்கன்னிக் கதைகளுக்கு இந்த விலங்கும் இதன் உறவினங்களும் ஒரு காரணம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். 1493-இல் கொலம்பஸ் மூன்று கடற்கன்னிகளைப் பார்த்ததாகக் குறித்து வைத்து, ஓவியத்தில் காட்டுகிற அளவுக்கு அவை அழகாக இல்லை என்றும் சேர்த்துக்கொண்டார். பாவம், அவர் பார்த்தது கடற்பசுவின் உறவு விலங்கைத்தான். இந்த விலங்கு கடலடியில் புல் மேய்கிறது; நாளொன்றுக்கு 30 முதல் 40 கிலோ வரை தின்னும் என்கிறார்கள். ஓராண்டுக்கு மேல் சூல் சுமந்து ஒரே ஒரு கன்று ஈனும். அடுத்த கன்றுக்குச் சில ஆண்டுகள் ஆகும். அது மேயும் கடற்புல் படுகையில்தான் ஓரா மீனும் நண்டும் இறாலும் குஞ்சுப் பருவத்தைக் கழிக்கின்றன. அதாவது, நம் குழம்புச் சட்டிக்கு வரும் ஒரு பங்கு அந்தப் புல்லிலிருந்துதான் வருகிறது.

நம் கரையில் ஒரு காலத்தில் ஆவுளியாவையும் கொன்று தின்றார்கள். இறைச்சி நன்றாக இருக்கும் என்று வயதானவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது சேர்க்கப்பட்ட பிறகு வேட்டை சட்ட விரோதமானது. 2022 செப்டம்பரில் பாக் விரிகுடாவில், தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. இந்த அவசரம் ஏன் என்று கேட்பவர்களுக்கு அதன் அண்ணன் ஒருவனின் கதை போதும். வடக்கே பேரிங் கடலில் எட்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு கடற்பசு இனம் இருந்தது. ஐரோப்பியர்கள் அதை 1741-இல் முதன்முதலாகக் கண்டார்கள். கப்பல்காரர்கள் இறைச்சிக்காகக் கொன்றே தீர்த்ததில் 1768-க்குள், இருபத்தேழே ஆண்டுகளில், அந்த இனம் பூண்டோடு அற்றுப்போனது. இந்தக் கதையைக் கேட்டுவிட்டு என் பேரன் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. தொடரில் எத்தனை முறை செத்தாலும் நாகம் திரும்பி வந்துவிடுகிறது. செத்தால் திரும்பி வராத பெரிய விலங்கு ஒன்று இருந்தது என்பது அவனுக்குப் புதிது.

இப்போது சமையல் பக்கத்துக்கு வருகிறேன். என் வழக்கு உள்ளபடி அந்தப் பக்கத்தோடுதான்.

பாலக் நல்ல கீரை. அதில் எனக்குப் பகை இல்லை. ஆனால் எங்கள் பக்கத்து வரப்புகளில் தானாக முளைத்துக் கிடந்த பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, மூக்கிரட்டை, சாரணை, குப்பைக்கீரை ஆகியவற்றின் பெயர் தங்கள் சமையல் பக்கத்தில் வந்து நான் பார்த்து வெகுகாலம் ஆகிறது. களை எடுக்கப் போகும் பெண்கள் மடியில் பறித்துக்கொண்டு வருவார்கள். கலவைக் கீரையாக மசித்து, வடகம் தாளித்து இறக்கினால் வேறு வெஞ்சனம் வேண்டாம். இன்று களை எடுக்க ஆள் கிடைப்பதில்லை, களைக்கொல்லி அடிக்கிறார்கள், அதில் எல்லாமே கருகிவிடுகின்றன. விவசாயியின் சிரமம் எனக்குத் தெரியும், அவரைக் குற்றம் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் கீரையைக் கேட்டு வாங்க நகரத்தில் நாலு வீடு இருந்தால், அதையும் ஒரு விளைச்சலாகக் கருத அவருக்குக் காரணம் இருக்கும். கீரை என்று பெயர் இருக்கும்வரைதான் அதற்கு மதிப்பு. பெயர் மறந்துவிட்டால் அது களைதான். இந்தப் பெயர்களை உயிரோடு வைத்திருக்கும் வேலையைச் சுற்றுச்சூழல் கட்டுரையைவிடச் சமையல் குறிப்பு எளிதாகச் செய்துவிடும்.

மீன் விஷயம் இன்னும் நேரடியானது. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருக்கிறது. மீன் இனப்பெருக்கம் செய்யட்டும் என்பதற்காகத்தான் அந்தத் தடை என்று தங்கள் செய்திப் பக்கமே ஆண்டுதோறும் எழுதுகிறது. அதே வாரத்தில் சமையல் பக்கத்தில் வஞ்சிரம் வறுவலும் இறால் தொக்கும் வந்திருக்கின்றன. எங்கள் பக்கத்தில் சீலா என்று சொல்லும் அந்த மீன் அந்நாட்களில் விற்கும் விலைக்கு, குறிப்பைப் படித்துவிட்டு மூடி வைக்கத்தான் முடியும். அந்த இரண்டு மாதமும் கருவாட்டுக் குழம்பு, நாட்டுப்படகில் வரும் சாளை, குளத்துக் கெளுத்தி, விரால் என்று எழுதலாமே. தை மாதத்தில் பனங்கிழங்கும், சித்திரையில் நுங்கும் பதநீரும், ஆவணியில் பனம்பழமும் என்று மாதத்துக்கு ஒன்று பனையிலேயே இருக்கிறது.

இதில் நானும் சுத்தமானவள் இல்லை. என் மகள் பிள்ளை பெற்றிருந்தபோது, தாய்ப்பால் ஊறட்டும் என்று வாரம் தவறாமல் பால்சுறா வாங்கிப் புட்டு செய்து போட்டேன். என் அம்மா எனக்கும் அப்படித்தான் செய்தாள். சுறா மற்ற மீன்களைப் போல லட்சக்கணக்கில் முட்டை போடுவதில்லை, மெதுவாக வளர்ந்து ஒரு சில குட்டிகளையே ஈனுகிறது என்பதை நான் அறிந்தது பேரன் பிறந்து பல ஆண்டுகள் கழித்துத்தான். அன்று நான் வெட்டி எடுத்து வைத்துக்கொண்ட சுறாப்புட்டுக் குறிப்பின் கீழே இந்த ஒரு வரி இருந்திருந்தால், பூண்டுக் குழம்பும் முருங்கைக்கீரையும் சாளை மீனும் போதும் என்று ஒருவேளை நினைத்திருப்பேன். நினைத்திருக்க மாட்டேன் என்றும் சொல்ல முடியாது. ஆனால் அந்த வரி எதிரே இருந்திருக்கும்.

ஆகவே தங்களிடம் கேட்பது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு சமையல் குறிப்பின் தலைப்புக்குக் கீழும் அந்தப் பொருள் எந்த மாதத்தில், எந்தப் பக்கத்தில் கிடைப்பது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். பறவை, கடல், காடு பற்றி எழுதுகிற தங்கள் நிருபர்கள் அந்த ஊர் அடுப்படிக்குள்ளும் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு வரட்டும். சிறுவர் பகுதியில் வாரம் ஒரு நம் ஊர் உயிரை, கதையின் கதாபாத்திரமாகவே கொண்டுவாருங்கள். பெயருக்குக்கூடப் பஞ்சமில்லை: நம் மாநிலப் பறவை மரகதப்புறா, மாநில வண்ணத்துப்பூச்சி தமிழ் மறவன். எந்த மாயாஜாலக் கதையிலும் நாயகன் பெயராக வைக்கலாம். பனையோலையின் அடியில் எச்சிலால் இறகை ஒட்டிக் கூடு கட்டும் பனை உழவாரன், அதே பனையில் தொங்கும் தூக்கணாங்குருவி, இரவில் வந்து பழம் தின்னும் மரநாய் என்று ஒரு பனைமரத்தை வைத்தே ஓராண்டுத் தொடர் எழுதலாம். கதைக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டால் வாசகர்களைக் கேளுங்கள். எங்கள் வயதில் இருப்பவர்களுக்குத் தூக்கம் குறைவு, கதை அதிகம்.

பனை நம் மாநில மரம் என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. செங்கல் சூளைக்கு அது லாரியில் போவதை நான் ரோட்டில் நின்று பார்த்திருக்கிறேன். ஏறுவதற்கு ஆள் இல்லாத மரத்தை வைத்திருந்து என்ன பயன் என்று விற்றவர் கேட்டார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. ஆனால் கருப்பட்டியை விலை கொடுத்து வாங்கும் வீடுகள் பெருகினால் ஏறுகிறவருக்குக் கூலி கட்டுப்படியாகும் என்பது மட்டும் தெரியும். சர்க்கரை கலந்த கருப்பட்டியைக் கண்டுபிடிப்பது எப்படி என்று தங்கள் சமையல் பக்கம் ஒரு வாரம் எழுதினால், அது பனையைக் காக்க எழுதிய கட்டுரையாகவே ஆகிவிடும்.

பேரன் ஊருக்குத் திரும்பும்போது, கிழங்கு பிடுங்கிய பாத்தியிலிருந்து, அப்போதுதான் முளைவிட்டுக் கிடந்த பனங்கொட்டைகளில் இரண்டைக் கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டான். வெட்டினால் உள்ளே தவுன் என்கிற இனிப்பான வெள்ளைப் பருப்பு இருக்குமே, தின்றுவிட்டுப் போயேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டான். நாலாவது மாடியில் தொட்டியில் வைத்திருக்கிறானாம். கீழே வேர் விடுமா, மாடியை இடித்துக்கொண்டு போகுமா என்று ஞாயிறுதோறும் தொலைபேசியில் கேட்கிறான். அவன் அம்மாவுக்கு என் மேல் கோபம்.

கடைசியாக ஒரு திருத்தம். தங்கள் சமையல் பக்கத்தில் முன்பொரு வாரம் வந்த பனங்கிழங்கு உருண்டைக் குறிப்பில், கிழங்கை அவித்து நறுக்கிக் காயவைத்து அரைக்கும்படி சொல்லியிருந்தார்கள். பிளந்து, குருத்தையும் நாரையும் உருவிய பிறகே நறுக்க வேண்டும் என்பது அதில் விடுபட்டிருக்கிறது. அப்படியே செய்தால் உருண்டை தொண்டையில் சிக்கும். அடுத்த வாரம் அதைச் சரிசெய்து வெளியிடுங்கள். வெளியிடும்போது, எந்த நாரை என்பதையும் விளக்கமாகப் போட்டுவிட்டால் பேரப்பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி ஒருத்தி,
பாளையங்கோட்டை.